கயிறும் முளையும் கையில் கொடுங்கள்

பெரியோர்களே, தமிழ் வகுப்பு ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

நம் டர்பன் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போய், "இதோ சதுரம், அதோ வட்டம்" என்று காட்டினால் மட்டும் வடிவியல் வந்துவிடாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டர்பனுக்கு அருகே மவுண்ட் எட்ஜ்கோம்பில் கிஸ்தப்பா ரெட்டி கட்டிய கணபதி கோயிலின் முன் நின்று, "இந்த மூலை கோணாமல் வந்தது எப்படி?" என்று பிள்ளை கேட்க வேண்டும்.

கோயில் கட்டும் ஸ்தபதி முதலில் திசை பார்ப்பார். சமதரையில் ஒரு கோலை நட்டு, அதைச் சுற்றிக் கயிற்றால் வட்டம் போடுவார். நிழல்நுனி காலையில் வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் தொடும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு. தஞ்சாவூரில் ஆண்டில் பல மாதம் உச்சிவேளை நிழல் வடக்கே விழும், நமக்கோ எப்போதும் தெற்கே. ஆனாலும் அதே முறை இங்கேயும் பலிக்கும். ஏன் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும்.

அப்புறம் எண்கோணம். ராஜராஜன் 1010இல் முடித்த பெரிய கோயிலுக்கு அடி சதுரம், உச்சியில் சிகரம் எண்கோணம். சதுரத்தின் மூலையில் கயிற்றைப் பிடித்து, சதுரத்தின் மையம் வரை இழுங்கள். அதே நீளத்தில் வில் வளைத்தால் இரு பக்கங்களிலும் வெட்டும். நான்கு மூலையிலும் செய்தால் எட்டுப் புள்ளி. சேர்த்தால் எட்டுப் பக்கமும் சமம். அளவுகோலே தேவைப்படவில்லை, பாருங்கள்!

பிரேசில் அறிஞர் டி'அம்புரோசியோ இப்படி மக்கள் தங்கள் தொழிலிலும் வழக்கத்திலும் கையாளும் கணிதத்துக்கு இனக்கணிதம் என்று பெயர் வைத்தார். நம் பக்கத்து நாடான மொசாம்பிக்கில் உழவர்கள் வீட்டுக்கு அடித்தளம் குறிக்கும் முறையைக் கணித அறிஞர் பவுலஸ் கெர்டெஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரே நீளமுள்ள இரண்டு கயிறுகளை நடுவில் முடிச்சுப் போட்டு, நான்கு நுனிகளையும் இழுத்துக் கட்டினால் செவ்வகம். "செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம்" என்று பள்ளியில் நான் மனப்பாடம் செய்திருந்தேன். அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வரும் சனிக்கிழமை சாக்கட்டியும் கயிறும் நான் கொண்டு வருகிறேன். முற்றத்தைக் கூட்டி வையுங்கள். பிற்பகல் புள்ளிக்குக் காத்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.