நர்ஸ் மேசைக்கு வந்த கணினி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருப்பத்தூர் என்று நம் வட்டாரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஸ்டாஃப் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். செவிலியர் பணிக்குள் கணினி எப்படி வந்தது என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். மருத்துவத் தொழில்நுட்பம் என்றதும் பலருக்கு ஸ்கேன் அறையும் ஆபரேஷன் தியேட்டரும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் பேசப்போவது வார்டு மூலையில் இருக்கும் நர்ஸ் மேசையைப் பற்றி. அந்த மேசைக்கு வந்த கருவிகளில், செவிலியரின் வேலையைத் தெரிந்துகொண்டு செய்தவை அவருக்குக் கை கொடுத்தன. தெரிந்துகொள்ளாமல் செய்தவை அவரை நோயாளியின் கட்டிலிலிருந்து தூரமாகத் தள்ளின. இந்த வரலாறு முழுக்க நான் காண்பது இதைத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லாமே காகிதம். உடல் வெப்பம், நாடி, மூச்சு மூன்றையும் கோடு இழுத்துக் காட்டும் டி.பி.ஆர். சார்ட். உள்ளே போன நீர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்கு வைக்க ஒரு சார்ட். டியூட்டி மாறும்போது ஒப்படைக்க ரிப்போர்ட் புக். பகலில் நீல மை, இரவில் சிவப்பு மை. டிரிப்ஸ் ஓட்டுவதற்கு மனக்கணக்குதான். 500 மில்லி பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டை எண்ணி, கிளாம்ப்பைத் திருகி வைப்போம். நோயாளி கையை மடக்கினால் கணக்கு மாறிவிடும். மறுபடியும் போய் எண்ண வேண்டும். அப்படி எண்ணப் போகும்போதெல்லாம் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு வருவோம்.

செவிலியருக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு கணினிக்கு முன்பே தொடங்கியது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த விளக்கை விட அவர் கையிலிருந்த பேனாதான் அதிக உயிர்களைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களை விட, தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்பதை 1858-இல் வட்ட வடிவ வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தார். 1860-இல் லண்டனில் நடந்த பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டுக்கு, எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்ற திட்டத்தையும் அனுப்பினார். ஒரு வார்டின் கணக்கை இன்னொரு வார்டின் கணக்கோடு ஒப்பிட முடிந்தால்தான் எங்கே தவறு நடக்கிறது என்று தெரியும். பின்னால் கணினிக்காரர்கள் சொன்னதும் இதைத்தான்.

கணினி முதலில் எட்டிப் பார்த்தது வகுப்பறையில். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற பயிற்சிக் கணினி உருவானது. மேரியன் பிட்சர் என்ற செவிலியர், மாரடைப்பு வந்த நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அதன் மூலம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாணவி கேள்வி கேட்பாள், திரை பதில் சொல்லும். நிஜ நோயாளியைத் தொடும் முன் தப்புச் செய்து பழக ஓர் இடம் கிடைத்தது.

அடுத்தது வார்டு. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் எல் கமினோ என்ற மருத்துவமனை. விமானமும் ராக்கெட்டும் செய்யும் லாக்ஹீட் கம்பெனிக்காரர்கள் அங்கே ஒரு கணினி அமைப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். பிறகு டெக்னிகான் என்ற நிறுவனம் அதை வாங்கி, 1970-களின் தொடக்கத்தில் மருத்துவமனை முழுக்க ஓட விட்டது. அந்தக் காலத்து நர்ஸுக்கும் டாக்டருக்கும் டைப் அடிக்கத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் திரையில் வார்த்தைகளைப் பட்டியலாகக் காட்டி, ஒளிப்பேனாவால் தொட்டால் போதும் என்று வைத்தார்கள். டாக்டர் எழுதும் மருந்து உத்தரவு மட்டுமல்லாமல், செவிலியர் போடும் கேர் பிளானும், அதாவது பராமரிப்புத் திட்டமும், அதில் ஏறியது. நம் கையில் இருக்கும் தொடுதிரை போனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒளிப்பேனா நினைவுக்கு வரும்.

ஆனால் மற்ற பல இடங்களில் கணினி வந்தது பில் போடத்தான். அறை வாடகை, மருந்து விலை, டாக்டர் கட்டணம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. இரவு முழுக்க இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டவளின் வேலைக்கு இடம் இல்லை. நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார் பெட்டியடியில், பேரேட்டில் ஏறாத தொகை இல்லாத தொகைதான். யார் சாட்சி சொன்னாலும், கணக்கை முடித்து ஐந்தொகை போடும்போது அது நிற்காது. செவிலியரின் வேலையும் பேரேட்டில் ஏறாமலே கிடந்தது.

இதை மாற்றப் பாடுபட்டவர் ஹாரியட் வெர்லி. அமெரிக்க இராணுவத்தில் செவிலியராக இருந்து, பின்னால் ஆராய்ச்சியாளர் ஆனவர். 1985-இல் மில்வாக்கியில் ஒரு மாநாட்டைக் கூட்டி, எந்த மருத்துவமனையாக இருந்தாலும் ஒரு நோயாளியைப் பற்றிக் குறைந்தபட்சம் பதிய வேண்டிய 16 விவரங்களை வரையறுக்க வழி செய்தார். வயது, பாலினம், சேர்ந்த தேதி போன்றவை எல்லோரும் எழுதுவதுதான். அவற்றோடு செவிலியர் கண்டறிந்த பிரச்சினை என்ன, அதற்கு அவர் செய்தது என்ன, அதனால் ஏற்பட்ட பலன் என்ன, எவ்வளவு பராமரிப்பு தேவைப்பட்டது என்ற நான்கும் சேர்ந்தன. இந்த நான்கு கட்டங்கள்தான் எனக்கு இந்த வரலாற்றின் நடு மையம். ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும் என்ற கேள்விக்கு, "போதும் போதும், சமாளிங்க" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்க வேண்டுமானால், இந்தக் கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும்.

செவிலியப் பணியின் விவரங்களைக் கணினியில் பதிந்து பயன்படுத்தும் துறைக்குச் செவிலியத் தகவலியல் என்று பெயர். 1992-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் அதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது. பன்னாட்டுச் செவிலியர் பேரவையும் எல்லா நாட்டுக்கும் பொதுவான செவிலியச் சொல் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு நர்ஸைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சூ கின்னிக். அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் டோபிகா நகரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1990-களின் தொடக்கத்தில் ஒரு நாள் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார். அங்கிருந்த பணியாளர் கையடக்கக் கருவி ஒன்றால் காரிலிருந்த பட்டைக்குறியை, அதாவது பார்கோடை, ஸ்கேன் செய்து கணக்கை முடித்துவிடுகிறார். ஒரு காருக்குச் செய்ய முடிகிறதை ஒரு நோயாளிக்கு ஏன் செய்யக் கூடாது என்று கின்னிக்குக்குத் தோன்றுகிறது. நோயாளியின் கைப்பட்டையில் ஒரு குறி, மருந்துப் பொட்டலத்தில் ஒரு குறி. இரண்டையும் ஸ்கேன் செய்தால், சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான நேரமா என்று கணினி சொல்லிவிடும். டோபிகாவில் செய்து பார்த்தார்கள். 1999-இலிருந்து அந்நாட்டின் படைவீரர் மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் அது பரவத் தொடங்கியது. அந்தப் பரவலைப் பார்க்கக் கின்னிக் உயிரோடு இல்லை.

ராத்திரி டியூட்டியில் 40 பேருக்கு ஊசி போட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரே வார்டில் மூன்று முத்துலட்சுமி, இரண்டு லெட்சுமி ஆச்சி இருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டால் தூக்கக் கலக்கத்தில் யார் வேண்டுமானாலும் "உம்" என்பார்கள்.

ஆனால் அதே பட்டைக்குறிக் கருவி வேறு விதமாகவும் போனது. கைப்பட்டை நனைந்து ஸ்கேன் ஆகவில்லை, கருவியில் சார்ஜ் இல்லை, மருந்து வண்டி கட்டில் வரைக்கும் போகவில்லை என்றால் செவிலியர் என்ன செய்வார்? நோயாளியின் குறியை இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மேசையிலேயே ஸ்கேன் செய்துவிடுவார். அமெரிக்க மருத்துவமனைகளில் செய்த ஆய்வுகளில் இது பதிவாகியிருக்கிறது. அப்படிச் செய்தால் கருவி இருந்தும் பயன் இல்லை. செவிலியரைக் குறை சொல்வது எளிது. வேலை நடக்கும் இடத்தைப் போய்ப் பார்க்காமல் கருவியைக் கொடுத்தவர்களைத்தான் நான் கேள்வி கேட்பேன்.

கட்டிலோரத்துக்கு மானிட்டர் வந்தது தனிக் கதை. ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் தகுவோ ஆயோகி 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்த முறைதான், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கக் கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்ட அந்தச் சின்னக் கருவிக்கு அடிப்படை. அதற்கு முன் நகமும் உதடும் நீலம் பாரிக்கிறதா என்று பார்ப்போம். நீலம் கண்ணுக்குத் தெரியும்போது ஆக்சிஜன் ஏற்கெனவே ரொம்பக் குறைந்திருக்கும். கருவி அதற்கு முன்பே சொல்லிவிடும். அப்புறம் அலாரம். ஐ.சி.யு.வில் ஒரே நேரத்தில் பல மானிட்டர்கள் கத்தும். விரலிலிருந்து கிளிப் நழுவினாலும் கத்தும். காது பழகிப்போனால் நிஜமான அபாயமும் அந்தச் சத்தத்தில் கலந்துவிடும்.

நம் பக்கம் வருவோம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகி, மருந்துக் கிடங்குகளின் இருப்பைக் கணினியில் கொண்டுவந்தது. 2005-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், அரசு மருத்துவமனைகளுக்குக் கணினி மேலாண்மை அமைப்பைக் கொண்டுவந்தது. ஆனால் நம் வட்டாரத்துப் பெண்களுக்கு நேரடியாகத் தெரிந்த கணினி வேறு. அதுதான் பிக்மி நம்பர்.

கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து வாங்கும் அந்த 12 இலக்க எண்ணைச் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும் என்பதால் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். அதன் நிஜமான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். திருப்பூரிலோ சென்னையிலோ குடியிருக்கும் பெண், வளைகாப்பு முடிந்ததும் புதுவயலுக்கோ கல்லலுக்கோ வந்துவிடுவாள். முன்பெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் சில சீட்டுகளோடு வருவாள். சில நேரம் அதுவும் இருக்காது. ரத்தக் குரூப் என்ன, ஹீமோகுளோபின் எவ்வளவு, ஐந்தாம் மாதத்தில் பிரஷர் இருந்ததா என்று கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாங்க" என்பாள். வலியோடு வந்து நிற்கும் பெண்ணிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? இப்போது அந்த எண்ணைப் போட்டால், அங்கே பதிந்த விவரம் இங்கே தெரிகிறது. ரத்தசோகை உள்ளவளுக்கு முன்கூட்டியே ரத்தம் ஏற்பாடு செய்ய முடிகிறது. ஒரு பிரசவ வார்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வார்த்தையில் சொல்ல முடியாது.

அந்த விவரத்தைப் பதிகிற கிராமச் செவிலியரையும் பார்க்க வேண்டும். வெயிலில் வீடு வீடாகப் போய், ரெஜிஸ்டரில் எழுதி, பிறகு அதையே கணினியிலோ போனிலோ என்ட்ரி போட வேண்டியிருக்கிறது. சிக்னல் இல்லாத ஊரில், வீட்டுக்கு வந்து சமையலை முடித்துவிட்டு இரவில் போடுகிறார்கள். காகிதமும் வேண்டும், கணினியும் வேண்டும் என்று இரண்டையும் அவர் தலையில் வைப்பது நியாயம் இல்லை. என்ட்ரி ஏறியதா என்று கேட்க ஆள் உண்டு. அந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினார் என்று கேட்க யாரும் இல்லை. வெர்லி சொன்ன கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.

பெரிய வீட்டு ஆச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளும் வீட்டில் ஓர் ஆச்சியும் ஒரு வேலையாளும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்து, செயலியில் பதிகிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் போகிறார். வீட்டு நர்ஸ் வைத்திருப்பவர்கள் பிரஷர் கணக்கைத் தினமும் வாட்ஸ்அப்பில் பிள்ளைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஓர் ஆச்சி என்னிடம் கேட்டார்: "ஏன் ஆத்தா, வர்ற பிள்ளை எல்லாம் என் மூஞ்சியப் பார்க்காம அந்த போனையே பார்க்குதுக?" அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதலில் கையைப் பிடித்து நாடி பாருங்கள், சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள், பிறகு போனை எடுங்கள். கணக்குச் சரியாக இருந்தும் கால் வீங்கியிருக்கலாம். அதற்குச் செயலியில் கட்டம் இருக்கிறதோ இல்லையோ, உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இந்தியச் செவிலியர் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், செவிலியத் தகவலியல் முதல் ஆண்டிலேயே பாடமாக வந்துவிட்டது. நம் பகுதியில் நர்சிங் படிக்கும் பெண்களிடமும் பையன்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வார்டு போஸ்டிங் போகும்போது ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விவரத்தை எத்தனை இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது, நீங்கள் செய்த எந்த வேலைக்கு எங்கேயுமே இடம் இல்லை என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை புதிய மென்பொருளோடு யாராவது உங்கள் வார்டுக்கு வந்தால், பயிற்சி வகுப்பில் கைகட்டி உட்கார்ந்திருக்காமல் அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள். கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.