போத்தலுக்குள் இருக்கும் சீனி

நேயர்களுக்கு வணக்கம்.

உடற்பருமனைக் குறைக்க இனிப்பு மென்பானங்களை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டுமா என்பதுதான் இன்று எனக்குத் தந்திருக்கும் கேள்வி. கட்டாயம் வேண்டும் என்பது என் பதில். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நோயாளர்களைப் பார்க்கிற மருத்துவர் நான். கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதைவிட, எப்படிப்பட்ட கட்டுப்பாடு வேண்டும் என்பதைப் பற்றித்தான் கூடுதலாகப் பேச நினைக்கிறேன். நம் இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. போட்ட சட்டத்தைப் பாதியில் தளரவிட்டுவிட்டோம்.

முதலில் தேத்தண்ணிக் கதையை முடித்துவிடுகிறேன். சோடா எப்போதாவதுதான் குடிக்கிறோம், சீனி முழுக்கத் தேத்தண்ணியில்தானே போகிறது, அதை யார் கட்டுப்படுத்துவது என்று என்னிடம் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு பிளேன்ரீ குடிப்பார், கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. அவரிடம் போய் மென்பான வரியைப் பற்றிப் பேசிப் பிரயோசனம் இல்லை. ஆனால் அவர் கடையில் நின்று, "அண்ணே, சீனி குறைவாப் போடுங்க" என்று சொன்னால் குறைத்துப் போட்டுக் கொடுப்பார்கள். போத்தலிடம் அப்படிச் சொல்ல முடியாது. எத்தனை கிராம் சீனி என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகி, மூடி அடைத்து வந்துவிடுகிறது. எவ்வளவு கட்டுப்பாடான ஆளாக இருந்தாலும் அதிலிருந்து அரைக் கரண்டியைக்கூட எடுத்து வெளியே போட முடியாது. அந்த அளவைத் தீர்மானிக்கிற கம்பனியோடு பேரம் பேசக்கூடிய பலம் அரசாங்கத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. என் வாதம் முழுவதும் இதுதான்.

இப்போது ஒரு கணக்கு. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள ஒரு பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 40 கிராம் சீனி இருக்கும். தேக்கரண்டிக் கணக்கில் பத்து. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்க்கப்பட்ட சீனியும் தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சீனியும் சேர்ந்து நம் நாளாந்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 வீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. வளர்ந்த ஒருவருக்கு அந்த 5 வீதம் ஏறத்தாழ 25 கிராம். பள்ளி விட்டு வரும் பிள்ளை வெயிலுக்கு வாங்கிக் குடிக்கிற ஒரு போத்தலில், பெரியவருக்கான அந்த அளவே தாண்டிவிடுகிறது.

இன்னொரு சிக்கல், குடிக்கிற சீனி வயிற்றை நிரப்புவதில்லை. அதே அளவு சக்தியைச் சோறாகவோ கடலையாகவோ சாப்பிட்டால் அடுத்த வேளைக்குக் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவோம். சோடா குடித்தால் அப்படிக் குறைவதில்லை, வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே அதுவும் சேர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது ஈரலிலும் இடுப்பைச் சுற்றியும் கொழுப்பாகச் சேர்கிறது. தெற்காசிய உடம்புக்கு இது கூடுதல் ஆபத்து. பார்வைக்கு மெலிந்தவர்களுக்கே நம்மிடையே சீனி வருத்தம் வருகிறது. ஆசிய மக்களுக்கு உடல் நிறைச் சுட்டெண், அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ, 23ஐத் தாண்டினாலே கவனம் எடுக்க வேண்டும் என்று சொல்வதும் அதனால்தான்.

தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், காய்ச்சலுக்கோ தடிமனுக்கோ. பிள்ளையின் பின்கழுத்து கறுத்து, வெல்வெட் துணி மாதிரித் தடித்திருக்கும். நான் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா சொல்லிவிடுவார், "அழுக்கு டொக்டர், எவ்வளவு தேய்த்தாலும் போகுதில்ல." கடலைமா போட்டுத் தேய்த்திருப்பார்கள், தேசிக்காய் போட்டுத் தேய்த்திருப்பார்கள், சில பிள்ளைகளுக்கு அந்த இடம் புண்ணாகிக்கூட இருக்கும். அது அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது என்பதற்குத் தோல் காட்டுகிற அடையாளம். உடம்பு பெருத்த பிள்ளைகளிடம்தான் பெரும்பாலும் காண்கிறேன். வயது பன்னிரண்டு, பதின்மூன்று. இந்த வயதில் பார்க்க வேண்டிய அடையாளமா இது? பள்ளி விட்டு வந்து என்ன குடிக்கிறாய் என்று கேட்டால், பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கடைப் பிரிட்ஜின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் கண்மட்டத்தில் இருப்பது எது? வீட்டுக்கு வந்தவருக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர் இது. பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியில்கூட மென்பானப் பதாகை தொங்குகிறது.

சரி, அரசாங்கம் இதுவரை என்ன செய்தது? 2016 ஓகஸ்டில் போத்தல்களில் நிற அடையாளம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை என்றால் செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. நல்ல வேலை, பல நாடுகளுக்கு முன்பே நாம் செய்தோம். ஆனால் அந்தச் செம்மஞ்சளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 3 கிராம் உள்ள பானத்துக்கும் 10 கிராம் உள்ள பானத்துக்கும் ஒரே நிறம். சற்று முன் நான் சொன்ன பத்துக் கரண்டிப் போத்தலுக்கும் செம்மஞ்சள்தான். சிவப்பு இல்லாவிட்டால் பரவாயில்லை என்றுதானே வாங்குகிறவர் நினைப்பார்? 11ஐ விடக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் கம்பனிக்குப் போதும், அதற்கு மேல் குறைக்க எந்தக் காரணமும் இல்லை.

அடுத்தது வரி. 2017 நவம்பரில் மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது, பானத்திலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் உற்பத்தி வரி என்று கொண்டுவந்தார். பானத்தின் விலைக்கு வரி போடாமல் சீனியின் அளவுக்குப் போட்டதுதான் அதன் கெட்டித்தனம். கிராம் குறையக் குறைய வரியும் குறையும். சீனியைக் குறைக்கும் வேலை நடந்ததும் உண்மை. ஆனால் அடுத்த வருடமே ஒரு பகுதிச் சீனிக்கு விலக்குக் கொடுத்தார்கள், 2018 முடிவதற்குள் 50 சதம் 30 சதமானது. ஒரு கம்பனி தன் தயாரிப்பு முறையையே மாற்றுவது லேசான காரியமா? வரி நிலைக்கும் என்று நம்பினால்தான் மாற்றும். பொறுத்திருந்தால் இறங்கிவிடும் என்று நாமே காட்டிக்கொடுத்துவிட்டோம்.

சீனி மூட்டைக்கும் இதே கதைதான். 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கு இருந்த 50 ரூபாய் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்கிற இறக்குமதி வரியை 25 சதமாகக் குறைத்தார்கள், 2023 நவம்பரில் மறுபடி 50 ரூபாயாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அரசுக்கு ஏற்பட்ட வருமான இழப்பு நாடாளுமன்றம் வரை போன விவகாரம் என்பது உங்களுக்குத் தெரியும். சுகாதாரக் கொள்கை ஒரு பக்கம், சீனிக் கொள்கை இன்னொரு பக்கம் என்று இழுபட்டால் பிள்ளையின் இடுப்பு எப்படிக் குறையும்?

உறுதியாக நின்ற நாடுகளில் பலன் தெரிகிறது. பிரித்தானியா 2016இல் அறிவித்தது, 2018 ஏப்ரலில்தான் வரியை நடைமுறைப்படுத்தியது. 100 மில்லிலீற்றருக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை, 8ஐத் தாண்டினால் கூடுதல் வரி. அந்த இரண்டு வருட இடைவெளியில் பல தயாரிப்பாளர்கள் சீனியை 5க்குக் கீழே இறக்கிவிட்டார்கள். குடிக்கிறவர் எதையும் மாற்றாமலே அவர் உடம்புக்குள் போகிற சீனி குறைந்தது. பிறகு செய்த ஆய்வொன்றில், பத்துப் பதினொரு வயதுச் சிறுமிகளிடையே உடற்பருமன் எதிர்பார்த்ததைவிட 8 வீதம் குறைவாக இருந்தது. சிறுவர்களிடம் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரி மட்டும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சீனிக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பைப் போட்டுவிட்டால் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த அதை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

வரி ஏழைகளின் தலையில்தானே விழும் என்பார்கள். மெக்சிகோவில் 2014 ஜனவரியில் லீற்றருக்கு ஒரு பேசோ வரி வந்தது. முதல் வருடத்தில் அங்கே இனிப்புப் பானம் வாங்குவது சராசரியாக 6 வீதம் குறைந்தது, வருமானம் குறைந்த குடும்பங்களில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. வாங்காத பானத்துக்கு யாரும் வரி கட்டுவதில்லை. இங்கே தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்கு விடியவே வந்து நம்பர் எடுத்து, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் யார்? கால் புண் ஆறாமல் விரலை எடுத்த பிறகு தொழில் செய்ய முடியாமல் வீட்டில் இருப்பவர்கள் யார்? அந்த ஏழைகளை யோசித்துத்தான் இந்த வரியைக் கேட்கிறேன்.

அதனால் நான் கேட்பவை இவை. வரி கிராம் கணக்கிலேயே இருக்கட்டும், பணவீக்கத்தோடு தானாக உயரும்படி சட்டத்திலேயே எழுதிவிடட்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியதைப் பார்த்தோமே, சதத்தில் எழுதிய வரிக்கு அப்படியொரு வருடத்துக்குப் பிறகு என்ன மதிப்பு? செம்மஞ்சளை இரண்டாகப் பிரித்து, 5 கிராமுக்கு மேல் உள்ளவற்றுக்குத் தனி நிறம் கொடுக்கட்டும். அப்புறம், வருகிற பணத்தில் ஒரு பங்கைப் பாடசாலைகளில் நல்ல குடிதண்ணீருக்கு ஒதுக்கட்டும். தாகத்தோடு நிற்கிற பிள்ளைக்குச் சோடா வேண்டாம் என்று சொன்னால், குடிப்பதற்கு வேறொன்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் இனிப்பு மென்பானம் விற்கக் கூடாது என்று சுற்றறிக்கை ஏற்கெனவே இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: கன்ரீனில் என்ன விற்கிறார்கள், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற குழாய்கள் வேலை செய்கின்றனவா. பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.