தரையைப் பார்த்த ஏழு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

‘தேவசமுகம் தரும் ஆறுதல்’, அதாவது தேவன் கூட இருப்பது தரும் ஆறுதல், என்ற தலைப்பில் கால் மணி நேரம் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். நான் போதகர் அல்ல, இறையியல் படித்தவளும் அல்ல. ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தே முப்பது வருஷம் ஓடிவிட்டது, அவ்வளவுதான். ஆனாலும் சரி என்று ஒத்துக்கொண்டேன். ஏழு நாள் நான் தரையைப் பார்த்தபடியே கிடந்த கதை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தத் தலைப்பில் என்னால் ஒரு வார்த்தையும் பேச முடியாது.

என் வலது கண்ணின் விழித்திரையில், சரியாக நடுவில், ஒரு சிறு துளை விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் ஒருவர் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. நேர்கோடெல்லாம் நெளிந்து தெரியும். இதற்கு அறுவை சிகிச்சை செய்து கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை விட்டுவைப்பார்கள். குமிழி என்றால் மேல்நோக்கி மிதக்கும் இல்லையா? விழித்திரை இருப்பதோ கண்ணின் பின்சுவரில். குமிழி அங்கே போய் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எனக்குச் சொன்ன கணக்கு, மணிக்குப் பத்து நிமிடம் தலை நிமிரலாம். மற்ற நேரமெல்லாம் குனிந்த தலைதான், தூங்கும்போதும் குப்புறத்தான். ஏழு நாள்.

ஏழு நாள்தானே என்று நினைத்துக்கொண்டு போனேன். இரண்டாம் நாளே கழுத்து பதில் சொல்லிவிட்டது.

குனிந்தே இருப்பவளின் உலகம் மிகச் சின்னது. கட்டில் விளிம்பில் தலையை நீட்டிக்கொண்டு படுத்தால் கீழே நான்கு தரைக்கற்கள் தெரியும். ஒன்றின் ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. தண்ணீர் குடிப்பதற்கு டம்ளரைத் தரையில் வைத்து ஸ்ட்ராவை வாய்க்கு எட்டும்படி யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். பார்க்க வந்தவர்களை எல்லாம் பாதங்களை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டேன். பெருவிரலை மடக்கி மடக்கி நீட்டினால் அவருக்குக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். முகம் பொய் சொல்லும், பாதத்துக்கு அது வராது போலிருக்கிறது.

ஒரு ஜோடிப் பாதம் வந்து நின்று, “விசுவாசம் உறுதியாக இருந்திருந்தால் இந்தக் கண்ணில் கத்தியே பட்டிருக்காது” என்றது. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். எனக்கு வேதத்தில் வரும் யோபுவின், எல்லாவற்றையும் இழந்து தவித்த அந்த மனுஷனின், சிநேகிதர்கள் ஞாபகம் வந்தார்கள். அவர்கள் வந்த புதிதில் ஒரு வார்த்தையும் பேசாமல், இரவுபகல் ஏழு நாள், அவனோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வேதம் சொல்கிறது. அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

பகலை எப்படியோ தள்ளிவிடலாம். இரவுதான் பெரும்பாடு. விளக்கை அணைத்துவிட்டால் அந்த நான்கு கற்களும் போய்விடும். என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தூக்கத்தில் புரண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நடு இரவில் விழிப்பு வரும். தலையைத் திருப்பக்கூடாது. இவர் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா, தெரியாது.

“இருக்கீங்களா?” என்பேன்.

“ம்” என்பார்.

அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்தில் மறுபடியும் தூக்கம் வந்துவிடும். கழுத்து வலி குறையவில்லை, கண் சரியாகிவிடும் என்று அவர் உறுதி தரவுமில்லை. அவருக்கும் தெரியாதே.

இதை வைத்துக்கொண்டு ஒரு நாள் எலியா தீர்க்கதரிசியின் கதையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றியைப் பார்த்தவன், யேசபேல் ராணி விடுத்த ஒரு மிரட்டலுக்கு ஓடி வந்து, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுகிறான். “போதும் கர்த்தாவே” என்கிறான். செத்துவிட வேண்டும் என்று கேட்கிறான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் எப்போதும் அவசரமாகத் தாண்டி, ஓரேப் மலைக்கும் அங்கே தேவன் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தத்துக்கும் போய்விடுவேன். படுத்துக் கிடந்தபோதுதான் நடுவில் இருப்பது கண்ணில் பட்டது. சாகிறேன் என்றவனுக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கம். அப்புறம் ஒரு தூதன் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறான். தூதன் இரண்டாந்தரமும் வந்து தட்டி எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்கிறான். ஏன் ஓடி வந்தாய் என்ற கேள்வி மலைக்குப் போன பிறகுதான் வருகிறது. வழியில் கேட்கவில்லை. என் தலைமாட்டில் டம்ளரையும் ஸ்ட்ராவையும் பிடித்துக்கொண்டிருந்த கையும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மலையில் பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி. அதற்குப் பின் அந்த மெல்லிய சத்தம். அதைக் கேட்டதும் எலியா என்ன செய்தான் தெரியுமா? தன் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டான். பார்க்க முயலவில்லை.

இனி கொஞ்சம் வார்த்தை ஆராய்ச்சி. பொறுத்துக்கொள்ளுங்கள், ஆசிரியப் புத்தி. நம் வேதாகமத்தில் ‘சமுகம்’ என்று வருகிற இடங்களில் பெரும்பாலும் எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் ‘பானீம்’. அதற்கு முகம் என்று அர்த்தம். தமிழ்ச் சொல்லுக்குள்ளும் முகம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். தேவசமுகம் என்றால் தேவனின் முகத்துக்கு முன்னால் இருப்பது. சரி, இப்போது யாத்திராகமம் 33-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். எகிப்திலிருந்து மோசே நடத்திக்கொண்டு வந்த ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்ட விவகாரம் நடந்து முடிந்திருக்கிறது. மோசே நொந்துபோய், நீர் கூட வராவிட்டால் எங்களை இங்கிருந்து கொண்டுபோகாதேயும் என்று மன்றாடுகிற அதிகாரம் அது. 14-ம் வசனத்தில் தேவன் சொல்கிறார்: “என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும், நான் உனக்கு இளைப்பாறுதல் தருவேன்.” அதாவது, என் முகம் உன்னோடு வரும். அதே அதிகாரத்தில், ஆறே வசனம் தள்ளி, 20-ம் வசனம்: “நீ என் முகத்தைக் காணமாட்டாய்.”

முகம் கூட வரும். ஆனால் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். எத்தனையோ தடவை இந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறேன். குப்புறப் படுத்துக் கிடக்கும் வரை இது எனக்கு உறைத்ததே இல்லை. அதுவரை தேவசமுகம் என்றாலே நெஞ்சு நெகிழ்வது, கண்ணீர் வருவது, உடம்பு சிலிர்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அது வராத நாளில், இன்று சமுகம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவேன். தலையைத் திருப்பிப் பார்க்க முடியாததால் நாற்காலி காலி என்று சொல்வதைப் போல.

மோசேயைக் கன்மலையின் வெடிப்பில் வைத்து, தாம் கடந்துபோகும் வரை தம் கரத்தால் மூடிக்கொள்வதாகவும் தேவன் அங்கே சொல்கிறார். அந்த நேரத்தில் மோசேக்கு என்ன தெரிந்திருக்கும்? இருட்டுதான்.

என்னால் வாசிக்க முடியாததால் என் கணவர்தான் வேதம் வாசிப்பார். நல்ல மனுஷன், ஆனால் வாசிப்பு சுமார். முற்றுப்புள்ளியைத் தாண்டி ஓடுவார், நடுவில் கொட்டாவி விடுவார். ஒரு ராத்திரி 23-ம் சங்கீதம் வாசித்தார். எனக்குத் தலைகீழ்ப் பாடமான சங்கீதம். “அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து” என்றார், “அவர் என் ஆத்துமாவைத் தேற்றி” என்றார். அப்புறம் ஒரு கொட்டாவி. கொட்டாவி முடிந்து, “நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்” என்றார்.

நில்லுங்கள், திரும்ப வாசியுங்கள் என்றேன்.

புல்வெளியிலும் தண்ணீர் அண்டையிலும் ‘அவர்’. இருட்டுப் பள்ளத்தாக்கில் கால் வைத்ததும் ‘தேவரீர்’. வெளிச்சத்தில், இந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது தேவனைப் பற்றிப் பேசுகிறான். இருட்டில் தேவனோடு பேசுகிறான். மேய்ப்பனின் முகம் அங்கே அவனுக்குத் தெரிந்திருக்காது. கோலும் தடியும் எங்காவது தட்டுப்படும், அல்லது சத்தம் கேட்கும். அவை என்னைத் தேற்றும் என்கிறான். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தேனே, இது ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. காதில் விழுவதற்கு ஒரு கொட்டாவி தேவைப்பட்டது.

எல்லாம் இப்படி இனிமையாகவே போனது என்று சொன்னால் பொய். ஐந்தாம் ராத்திரி “இருக்கீங்களா?” என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். இல்லை. கோபமா பயமா என்று தெரியாத ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது. மாற்கு 4-ம் அதிகாரத்தில், படகில் தண்ணீர் நிரம்பும்போது சீஷர்கள் இயேசுவிடம் கேட்டார்களே, “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று, அந்தத் தொனி எனக்குள்ளும் இருந்தது. இயேசுவோ படகின் பின்னணியத்தில், அதாவது பின்பக்கத்தில், தலையணை வைத்து நித்திரையாயிருந்தார். காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்கிறது 121-ம் சங்கீதம். அதே வேதம் தூங்குகிற இயேசுவையும் மறைக்காமல் காட்டுகிறது. இதற்கு விளக்கம் சொல்லும் படிப்பு எனக்கில்லை. அவர் தூங்கினது படகுக்கு வெளியே அல்ல, அதே படகுக்குள்தான் என்பது மட்டும் தெரிகிறது.

மூச்சை அடக்கிக்கொண்டு கவனித்தேன். மெல்ல ஒரு குறட்டை கேட்டது. அசந்து தூங்கிவிட்டிருந்தார், நாற்காலியிலேயே.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்குக் குறட்டைகூடக் கேட்காத இரவுகள் இருக்கும். அது எனக்குத் தெரியும். வேதத்துக்கும் தெரியும். 150 சங்கீதங்களில் 88-ம் சங்கீதம் தனி ரகம். புலம்பல் சங்கீதங்கள் நிறைய உண்டு, ஏறக்குறைய எல்லாமே கடைசியில் எங்காவது ஒரு துதிக்கு, ஒரு நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. அறிமுகமானவர்களெல்லாம் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஜெபமும் ஜெபம்தான் என்று அதை எடுத்து வைத்திருக்கிறார்களே, அதற்காக நான் நன்றி சொல்கிறேன். அது தொடங்குவது மட்டும் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று. அதாவது ‘இருக்கீங்களா’ என்று கேட்பதை அவன் நிறுத்தவில்லை.

அன்றாட வேலைக்கு நடுவே தேவசமுகத்தை உணர்வதைப் பற்றிப் பேசும்போது 17-ம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸைப் பலரும் சொல்வார்கள். முன்னாள் படைவீரர், கால் ஊனமானவர், ஒரு துறவு மடத்தின் சமையலறையில் பல வருஷம் பாத்திரங்களோடு மல்லுக்கட்டி, பிறகு செருப்புத் தைத்து, 1691-ல் இறந்துபோனார். சமையலறை இரைச்சலும் முழங்காலில் நிற்கும் ஜெப நேரமும் அவருக்கு ஒன்றுதான் என்பார்கள். எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் வேறு. அவருக்குச் சமையல் வேலை இயல்பிலேயே பிடிக்காது. பிடிக்காத இடத்தில் தேவன் இருந்தார் என்று சொல்பவரை என்னால் நம்ப முடிகிறது.

எம்மாவு ஊருக்கு நடந்த இரண்டு சீஷர்களின் கதையும் ஞாபகம் வருகிறது. கூட நடந்தவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று தெரியாமலே வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்கள். அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது, உடனே அவர் மறைந்துபோனார். ஆனால் லூக்கா என்ன எழுதுகிறார்? இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது வழியிலே, அடையாளம் தெரியாத அந்த நேரத்திலே. யோவான் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவிக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு ‘தேற்றரவாளன்’ என்று சொல்கிறது, கத்தோலிக்கரும் நாமும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு ‘துணையாளர்’ என்கிறது. மூலச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்க அழைக்கப்பட்டவர் என்று பொருள். முன்னால் வந்து நிற்பவர் அல்ல, பக்கத்தில். குப்புறப் படுத்திருப்பவளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

எட்டாம் நாள் தலை நிமிர்ந்தேன். கண்ணுக்குள் இருக்கும் அந்தக் குமிழி ஒரேயடியாகப் போய்விடாது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரையக் கரையப் பார்வை மேலிருந்து கீழாகத் திறந்துகொண்டு வரும். கீழே தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு தளும்பிக்கொண்டே இருக்கும். “இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்” என்று பவுல் எழுதினாரே, அந்த வசனத்தைத் தினமும் சொல்லிக்கொண்டு, நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, எதிரே இவரை உட்காரவைத்துப் பார்ப்பேன். முதலில் தலைமுடி மட்டும் தெரிந்தது. சில நாள் கழித்து நெற்றி. அப்புறம் புருவம், கண்கள். கோட்டுக்குக் கீழே எல்லாம் கலங்கலாக ஆடிக்கொண்டிருந்தது.

“தெரியுதா?” என்றார்.

இந்தத் தடவை “ம்” என்றது நான்.