நிக்கோல் டேவிட்: நாம் பார்க்காத ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷ் சொல்லிக்கொடுக்கிறேன். டத்தோ நிக்கோல் டேவிட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். அவர் வாங்கிய கிண்ணங்களை வரிசையாக வாசித்துவிட்டுப் போனால் உங்களுக்கு என்ன லாபம்? அவர் எப்படி ஜெயித்தார் என்பதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று நினைக்கிறேன். அவருடைய பெயர் நம் எல்லாருக்கும் தெரியும். ஸ்குவாஷில் எட்டு முறை உலக வெற்றியாளர் என்பதும் தெரியும். ஆனால் அவருடைய ஒரு ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கு நம்மைக் குறை சொல்லியும் பயனில்லை. அந்த எட்டுப் பட்டங்களையும் அவர் எங்கே வென்றார், பாருங்கள். 2005-இல் ஹாங்காங், 2006-இல் பெல்ஃபாஸ்ட், 2008-இல் மான்செஸ்டர், 2009-இல் ஆம்ஸ்டர்டம், 2010-இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக், 2011-இல் ராட்டர்டாம், 2012-இல் கேமன் தீவுகள், 2014-இல் கெய்ரோ. எல்லாமே வெளிநாடு. அவர் விளையாடிய காலத்தில் உலகப் போட்டி மலேசியாவுக்கும் வந்தது. 2004-இல் கோலாலம்பூரில் நடந்தது, 2014 மார்ச்சில் பினாங்கில் நடந்தது, 2016-இல் மறுபடியும் கோலாலம்பூரில் நடந்தது. மூன்றிலும் கிண்ணம் வேறு யாருக்கோ போனது. அவருடைய மிகப் பெரிய வெற்றிகள் நமக்கு மறுநாள் காலையில் பசியாறும்போது பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் படித்த செய்திகளாகவே இருந்துவிட்டன.

பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983 ஆகஸ்ட் 26-ஆம் தேதி பினாங்கில் பிறந்தவர். அப்பா டெஸ்மண்ட் இந்திய வம்சாவளிப் பொறியாளர், அம்மா ஆன் மேரி சீன வம்சாவளி ஆசிரியை. மூன்று பெண் பிள்ளைகள், மூன்று பேருமே ஸ்குவாஷ் ஆடினார்கள். நிக்கோல்தான் கடைக்குட்டி. படித்தது கிரீன் லேன் கான்வென்ட்டில். கெலுகோரில் புக்கிட் டும்பார் மேட்டில் இருக்கும் ஸ்குவாஷ் அரங்கத்துக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

ஸ்குவாஷ் களம் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். நாலு பக்கமும் சுவர். பூப்பந்து மாதிரி நடுவில் வலை கிடையாது, இரண்டு பேரும் ஒரே இடத்துக்குள் நிற்கிறார்கள். மாறி மாறிப் பந்தை முன்சுவரில் அடிக்க வேண்டும், அது தரையில் இரண்டாவது முறை படுவதற்குள் எடுக்காதவர் அந்தப் புள்ளியை இழப்பார். தரையில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் நின்றால் நாலு மூலைக்கும் சில எட்டுகளில் போய்விடலாம். அடி, உடனே 'டி'க்குத் திரும்பு. எந்தப் பயிற்றுநரும் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவார். கேட்க எளிது. களைத்துப்போன நாற்பதாவது நிமிடத்தில் செய்து பார்த்தால்தான் தெரியும்.

நம் ஊர்க் கடையில் ரொட்டி சானாய் போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். மாவு ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். கை எங்கே போனாலும் ஆள் நிற்கும் இடம் மாறாது, பதற்றமும் இருக்காது. நிக்கோல் 'டி'யில் நின்ற விதம் அப்படித்தான். அவர் ஓடியது போலவே தெரியாது. ஆனால் பந்து எங்கே போனாலும் அங்கே ஏற்கெனவே இருப்பார்.

இது எதிராளியை என்ன செய்யும்? நீங்கள் அருமையான ஒரு டிராப், அதாவது முன்சுவரில் தாழ்வாகப் பட்டு அங்கேயே மெதுவாக விழும் பந்து, போடுகிறீர்கள். வேறு யாரிடமாவது போட்டிருந்தால் அது புள்ளி. இவர் எடுத்துவிடுகிறார். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தாழ்வாகப் போடுகிறீர்கள், அதையும் எடுத்துவிடுகிறார். மூன்றாவது முறை இன்னும் தாழ்வாகப் போடப்போய், முன்சுவரின் அடியில் இருக்கும் தகரத்தில் 'டங்' என்று பட்டுவிடுகிறது. புள்ளி அவருக்கு. கணக்கில் அது உங்கள் தவறு. அந்தத் தவறுக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனது அவர்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவருக்கு 'டுராசெல் முயல்' என்று பட்டப்பெயர் வைத்தன. பேட்டரி தீராமல் ஓடிக்கொண்டே இருப்பவராம். பாராட்டாகத்தான் சொன்னார்கள், எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. களைக்காமல் ஓடும் திறன் மட்டும் போதும் என்றால் மாரத்தான் ஓடுகிற எல்லாரும் ஸ்குவாஷில் ஜெயித்துவிடலாமே. எதிராளியின் தோள் திரும்புவதைப் பார்த்தே பந்து போகும் மூலையைக் கணிப்பது கால் வேலை இல்லை, கண்ணும் மூளையும் செய்கிற வேலை.

ஸ்குவாஷ் பந்து ரப்பரால் ஆனது. சூடேறினால் நன்றாகத் துள்ளும், குளிர்ந்தால் சப்பென்று விழும். நம் ஊர் வெக்கையில், குளிரூட்டி இல்லாத களங்களில் பந்து துள்ளிக்கொண்டே இருக்கும், ஒரு புள்ளி லேசில் முடியாது. இங்கே வளரும் பிள்ளைகள் விட்டுக்கொடுக்காமல் எடுத்து எடுத்துப் போடக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் அவசரமில்லாமல் திட்டமிட்டுத் தாக்கிப் புள்ளியை முடிக்கும் பழக்கம் தாமதமாகத்தான் வரும். இது என் அனுபவத்தில் கண்டது. நிக்கோலின் ஆரம்ப ஆட்டமும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்த ஆட்டமே அவரை வெகுதூரம் கொண்டுபோனது. 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 15 வயதில் தங்கம். 1999-இல் ஆண்ட்வெர்ப்பில் உலக இளையோர் பட்டம். 2001-இல் அதே பட்டம் மறுபடியும், இந்த முறை நம் பினாங்கிலேயே. அதுவரை எந்தப் பெண்ணும் அதை இரண்டு முறை வென்றதில்லை.

2002-இல் பூசான் ஆசிய விளையாட்டின் இறுதியில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் தோற்றார். அடுத்த ஆண்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டம் போய்விட்டார். பயிற்றுநர் லிஸ் இர்விங், ஒரு காலத்தில் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஆஸ்திரேலியர். இருபது வயதுகூட நிறையாத பெண், தெரிந்த முகம் இல்லாத ஊருக்குப் பயிற்சிக்காகப் போகிறாள் என்றால் நம் வீடுகளில் எத்தனை பேர் சரி என்று தலையாட்டியிருப்போம்? அந்தக் குடும்பத்தை இதற்காகவே நான் மெச்சுகிறேன்.

ஆம்ஸ்டர்டமுக்குப் பிறகு அவர் ஆட்டத்தில் என் கண்ணுக்குப் பட்ட மாற்றம் வாலி. பந்து பின்சுவர்வரை போகட்டும் என்று விடாமல் நடுவிலேயே காற்றில் வெட்டி அடிப்பது. எதிராளி 'டி'க்குத் திரும்ப வேண்டிய அந்த அரை நொடியை இது பிடுங்கிக்கொள்ளும். இரண்டே ஆண்டில் உலகப் பட்டம். 2006 ஜனவரியில் தரவரிசையில் முதலிடம். நடுவில் சில மாதம் கைமாறி, அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் பிடித்தார். அப்புறம் 2015 செப்டம்பர்வரை விடவே இல்லை. ஒன்பது ஆண்டுகள். நீண்ட காலம் முதலிடத்தில் இருந்ததற்காக நியூஸிலாந்தின் சூசன் டெவாய் வைத்திருந்த பழைய சாதனையை அந்தப் பயணத்தில்தான் கடந்தார்.

அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு நடுவே புள்ளி எண்ணும் விதியே மாறியது. முன்பு சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டும்தான் புள்ளி, ஒன்பதுவரை ஆட்டம். 2008-இல் பெண்கள் ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் புள்ளி, பதினொன்றுவரை என்று ஆக்கினார்கள். பழைய முறை நின்று ஆடுகிறவர்களுக்குச் சாதகம், புதிய முறை வேகமாகத் தாக்குகிறவர்களுக்குச் சாதகம் என்று பேச்சு. நிக்கோல் பழைய முறையில் இரண்டு உலகப் பட்டம், புதிய முறையில் ஆறு. பேச்சு அதோடு அடங்கிவிட்டது.

இரண்டு இறுதி ஆட்டங்களை மட்டும் சொல்கிறேன். 2006 பெல்ஃபாஸ்ட், எதிரே ஆஸ்திரேலியாவில் பிறந்த நட்டாலி கிரின்ஹாம். முதல் செட் 1-9. இரண்டாவது 9-7 என்று எடுத்தார். மூன்றாவது மறுபடி 3-9. முதல் செட்டில் ஒரே ஒரு புள்ளி எடுத்தவர் கடைசி இரண்டையும் 9-5, 9-2 என்று முடித்தார். நட்டாலி சோர்ந்துவிட்டார், அவ்வளவுதான் என்று சிலர் சொல்வார்கள். யார் சோர வைத்தது?

இன்னொன்று 2014 டிசம்பர், கெய்ரோ. எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலிலி, சுற்றிலும் எகிப்து ரசிகர்கள். இரண்டுக்கு ஒன்று என்று ரனீம் முன்னிலை. நாலாவது செட்டில் 10-6. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ரனீம் உலக வெற்றியாளர். அந்த ஒரு புள்ளிக்கு நாலு வாய்ப்பு. நாலையும் நிக்கோல் தடுத்து, 14-12 என்று அந்தச் செட்டை எடுத்து, கடைசிச் செட்டை 11-5 என்று முடித்துவிட்டார். இணையத்தில் தேடினால் கிடைக்கும், அவசியம் பாருங்கள். பார்க்கும்போது பந்தைப் பின்தொடராதீர்கள். 6-10-இல் அவர் முகத்தைப் பாருங்கள், அப்புறம் அவர் கால்களைப் பாருங்கள். முதல் செட்டில் எப்படி நகர்ந்தாரோ அப்படியே நகர்கிறார்.

தோல்விகளும் இருந்தன. 2007-இல் மாட்ரிட் உலகப் போட்டியில் ஆரம்பச் சுற்றிலேயே நியூஸிலாந்தின் ஷெல்லி கிட்சனிடம் தோற்றார். 2014 மார்ச்சில் பினாங்கில், சொந்த மண்ணில், அரையிறுதியில் 18 வயது நூர் எல் ஷெர்பினியிடம் தோற்றார். தீவு முழுக்க அவரை எதிர்பார்த்து நின்ற வாரம் அது. அந்தத் தோல்விக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் கெய்ரோவில் ஜெயித்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த 10-6 இன்னும் கனமாகத் தெரியும். பினாங்கில் அவரை வீழ்த்திய அதே ஷெர்பினி, 2025-இல் சிகாகோவில் தன் எட்டாவது உலகப் பட்டத்தை வென்று நிக்கோலின் எண்ணிக்கையைத் தொட்டார். வருத்தப்பட ஒன்றுமில்லை, அந்தச் சாதனை யாரிடம் போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

2015-இல் முதலிடம் ரனீமிடம் போனது. அதே ஆண்டில் பெரிய பெண்கள் போட்டிகளில் முன்சுவர்த் தகரத்தின் உயரத்தை 19 அங்குலத்திலிருந்து ஆண்களுக்குரிய 17 அங்குலத்துக்கு இறக்கினார்கள். இரண்டு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். முன்பு 'டங்' என்று பட்ட டிராப்புகள் இப்போது நல்ல பந்துகள். நான் முதலில் சொன்னேனே, மூன்றாவது முறை தாழ்வாகப் போய்த் தகரத்தில் படுகிற பந்து, அது இப்போது தப்பித்துவிடும். முதலிடம் பறிபோனதற்கு இதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன், ரனீம் அதற்கு முன்பே நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் முப்பதைத் தாண்டிய நிக்கோலுக்கு மீண்டும் மேலே ஏறுவது கடினமானதில் அந்த இரண்டு அங்குலத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

ஒலிம்பிக் பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம் வரும், அதனால் சுருக்கமாக. 2009-இல் கோல்ஃபும் ரக்பியும் உள்ளே போயின, 2013-இல் மல்யுத்தம் திரும்ப வந்தது, ஸ்குவாஷ் ஒவ்வொரு முறையும் வெளியே நின்றது. ஒலிம்பிக் தங்கம் ஒன்றுக்காகத் தன் உலகப் பட்டங்களையெல்லாம் கொடுத்துவிடுவேன் என்றே நிக்கோல் சொல்லிப் பார்த்தார். 2019-இல் ஓய்வு பெற்றார். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்குவாஷ் உண்டு என்றது. என்ன சொல்ல!

அதற்குத் தயாராகிறவர்களில் நம் கெடாப் பெண் சிவசங்கரி சுப்பிரமணியமும் ஒருவர். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் நிக்கோலும் சிவசங்கரியும் மோதினார்கள். நிக்கோலுக்கு அது ஐந்தாவது தனிநபர்த் தங்கம். அவர் பாங்காக்கில் முதல் தங்கம் வாங்கியபோது சிவசங்கரி பிறக்கவே இல்லை, அடுத்த மாதம்தான் பிறந்தார். 2022-இல் சாலை விபத்தில் மண்டையோட்டிலும் முதுகெலும்பிலும் முறிவு ஏற்பட்ட பெண், அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். 2024-இல் லண்டன் கிளாசிக் போட்டியையும் வென்றார். நடுவில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கிவிட்டார். "இதில் என்ன சார் எதிர்காலம்?" என்று களத்துக்கு வெளியே நின்று கேட்கும் பெற்றோர்களிடம் நான் இந்தக் கடைசி விஷயத்தைத்தான் முதலில் சொல்வேன். உலகப் பட்டம் என்றால் நம்ப மாட்டார்கள், பல்கலைக்கழகம் என்றால் காது கொடுப்பார்கள். நிக்கோலும் இப்போது கோலாலம்பூரில் தன் அமைப்பு மூலம் வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆட விரும்பினால், விலையுயர்ந்த ராக்கெட் வாங்கி வைக்காதீர்கள், முதலில் யாரிடமாவது இரவல் கிடைக்கும். தரையில் கறை படியாத அடிப்பாகம் உள்ள காலணி போதும். ஆனால் கண்காப்புக் கண்ணாடி போடாமல் மட்டும் உள்ளே அனுப்பாதீர்கள். ஸ்குவாஷ் பந்து சரியாகக் கண்குழிக்குள் போய் உட்காரும் அளவு. பிள்ளை அடம்பிடித்தாலும் விடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.