மிதக்கும் கல்லை எடைபோடுவது

நேயர்களுக்கு வணக்கம். குளிக்கும்போது குதிகால் தேய்க்கிறோமே, தண்ணீரில் மிதக்கும் அந்தக் கல்தான் நுரைக்கல். எரிமலைக் குழம்பு நுரைத்தபடியே உறைந்தது. அதில் பாதிக்கு மேல் காற்று. நிலவியலாளனான என்னிடம் பலரும் கேட்பது, "இந்த நுரைக்கல் படிவு எத்தனை டன் தேறும்?" என்றுதான். எந்த வேலைக்கு எது எவ்வளவு தேறும் என்று கேட்பதே சரி.

கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில், ஃபீரா ஊருக்கு அருகே பழைய குவாரி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை கொட்டிய சரக்கு. தள்ளி நின்றால் சுவர் முழுக்க ஒரே வெளுப்பு. கிட்டே போனால் கதை வேறு. அடியில் சில மீட்டர், வானிலிருந்து உதிர்ந்த நுரைக்கல். பொரி போலச் சீராக இருக்கும். அதன்மேல் அலை அலையாகச் சாம்பல் வரிகள். அதற்கும் மேலே, சாம்பலுக்குள் புதைந்த கனத்த பாறைத் துண்டுகள், சில ஆளுயரத்துக்கு. மேலே மட்டும் மாதிரி எடுத்தவர் நல்ல சரக்கைப் பார்க்காமலே திரும்பியிருப்பார்.

ஆகவே உச்சி முதல் அடி வரை சுவரைக் கீறி, அடுக்கு அடுக்காகத் தனித்தனிப் பையில் மாதிரி எடுக்க வேண்டும். துளையிட்டால் இந்தக் கல் உதிர்ந்துபோகும். நான் குழி தோண்டிப் பார்ப்பதையே நம்புவேன். முதல் சோதனைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். கைப்பிடி மாதிரியைப் போட்டால் நுரைக்கல் மிதக்கும், பாறைத்துண்டு 'டொக்' என்று அடியில் உட்காரும். மிச்சம் ஆய்வுக்கூடத்தில். உலர்த்திய பிறகே எடை போட வேண்டும். ஈரக் கல்லை நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து விலை பேசுவோம். எடை குறைந்த கான்கிரீட்டுக்கான பருங்கல், அதாவது பெரிய சல்லி, கன மீட்டருக்கு 880 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தரம். மெருகேற்றும் தூளுக்கோ எடை பெரிதல்ல. கடினப் படிகம் கலந்திருந்தால் பளபளப்புக்குப் பதில் கீறல்தான் மிஞ்சும்.

சாந்தோரினிச் சாம்பல் சுண்ணாம்போடு கலந்தால் நீருக்கடியிலும் இறுகும். சூயஸ் கால்வாய்ப் பணிக்காக 1860களில் பக்கத்துத் தீவான தெராசியாவில் அதை வெட்டி எடுத்தார்கள். படிவின் அடியை நெருங்கியபோது வேலையாட்களின் மண்வெட்டிகள் கற்சுவர்களில் மோதின. பாறையல்ல, வெடிப்பில் புதைந்துபோன வீடுகளின் சுவர்கள்.