ஒரு நாளைக்கு 40 பஞ்சர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சைக்கிள் கடைக்காரர் மகள். பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். டயரை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கிப் பிடிப்பேன். குமிழி விடும் இடத்தில் அப்பா பென்சிலால் ஒரு சுழி போடுவார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது லேசாக உலரும்வரை பொறுத்திருந்துதான் ஒட்டுப் போட வேண்டும். பதறினால் ஒட்டு நிற்காது. டயருக்குள் விரலை ஓட்டி முள்ளை எடுக்க மறந்துவிட்டால், தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி மறுபடி உட்கார்ந்துவிடும். கை பழகியவருக்கே பத்து நிமிட வேலை.

அதனால்தான், ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் படித்தபோது ஒரு தகவலில் அப்படியே நின்றுவிட்டேன். இந்தியாவில் சைக்கிள் ஓட்டிய நாட்களில், சில நாள் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள், அவரும் அவர் கணவரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறரை மணி நேரத்துக்கு மேல் வெறும் ஒட்டு வேலை! அதற்கு அப்புறம்தான் மிதிக்க வேண்டும்.

ஃபேனி 1859-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மன், மருத்துவர், ஃபேனியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கைநிறையப் பணம். வீட்டோடு இருந்து விருந்து கொடுத்துக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம். 1893-ல் அவர்களுடைய சின்ன மகன் நோயில் இறந்துபோனான். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அல்ஜீரியாவில் சைக்கிள் பயணம், பிறகு ஸ்பெயின். ஸ்பெயினில் மட்டும் 2,800 மைல், சராசரியாக நாளுக்கு 45 மைல். மூத்த பிள்ளையான மகளை மற்றவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். ‘இப்படியும் ஒரு தாயா’ என்று கேட்பவர்கள் உண்டு. அதே வீட்டிலிருந்து கிளம்பிய தகப்பனை யாரும் கேட்பதில்லை.

சைக்கிள் மிதித்தால் பெண்களின் முகமே கோணிப்போகும் என்று மருத்துவர்கள் சிலர் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஃபேனி முழுநீளப் பாவாடையோடுதான் ஓட்டினார். செயினில் பாவாடை சிக்கிக்கொண்டு விழுந்த எனக்கு அதன் சிரமம் தெரியும். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

1897-ல் அடுத்த பயணம் தொடங்கியது. ஃபேனிக்கு 38 வயது, கணவருக்கு 50. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை ஆண்டுகளில் ஏறக்குறைய 14,000 மைல். இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயம் வரைக்கும் மட்டும் 4,000 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 6,400. ஆமாம் நேயர்களே, அந்தச் சக்கரங்கள் நம் பக்கத்து மண்ணிலும் உருண்டிருக்கின்றன. அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மூட்டை சின்னதுதான். தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின் இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு போர்வை, எழுதுபொருட்கள், மருந்து, ரிப்பேர் சாமான். சாப்பாடும் தங்க இடமும் கிடைக்க வேண்டுமே என்று பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியே போனார்கள். இடம் கிடைக்காத ராத்திரிகளில் ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் படுத்தார்கள். கொசு, எலி எல்லாம் கூடவே. எதற்காக இத்தனை பாடு? கோயில்களைப் பார்க்க. பழைய கட்டடக்கலை மேல் அப்படி ஒரு பித்து. ராமாயணம், மகாபாரதம், ஜாதகக் கதைகள் எல்லாம் படித்திருந்தார்கள். 1904-ல் இந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோயிலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தவர்கள், அந்தக் கோயில் தெருவில் வாழ்ந்த மனிதர்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. 1898 இலையுதிர்காலத்தில், குளிர் நெருங்கும் வேளையில், சிக்கிம் மலைக்குக் கிளம்பினார்கள். சுமைகூலிகள் ஒரு நாளைக்கு ஐந்து மைலுக்கு மேல் நடக்க மறுக்கிறார்கள் என்று ஃபேனி குறைபட்டுக்கொண்டார். முதுகில் மூட்டையோடு பனியில் ஏறுகிறவனுக்கு ஐந்து மைல் என்பது என்ன என்று அவர் யோசிக்கவில்லை. அவரை நான் மனதார மதிக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் கூலிக்காரர்கள் பக்கம்தான் நிற்பேன்.

பயணத்தின் வடகோடியில் சைக்கிள்களை விட்டுவிட்டு, 14,000 முதல் 18,000 அடி உயரமுள்ள கணவாய்களை நடந்தே கடந்தார்கள். மலை ஃபேனியை அங்கேதான் பிடித்துக்கொண்டது. 1906-ல் காஷ்மீரின் நுன்-குன் மலைத்தொகுதியில் பினாக்கிள் சிகரம் ஏறினார். அப்போது வயது 47. பெண்கள் எட்டிய உயரத்தில் அந்தச் சாதனை 1934 வரை நின்றது. 1925-ல் பிரான்சில் இறந்தபோது அமெரிக்காவில் நான்கு பெண்கள் கல்லூரிகளுக்குப் பணம் எழுதி வைத்திருந்தார்.

அவருடைய புகைப்படங்களில் ஒன்றை என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். 1912, சியாச்சின் பகுதி, ஏறக்குறைய 21,000 அடி உயரம். அமெரிக்கா முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைக்க இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. பின்னால் வெறும் பனி. அங்கேயும் பாவாடைதான். இரண்டு கையாலும் ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடித்திருக்கிறார். அதன் தலைப்பு தூரத்திலிருந்தே படிக்கத் தெரிகிறது: ‘பெண்களுக்கு வாக்குரிமை’.

வணக்கம்.