அப்பா தினமும் படிப்பார்: 'யூஸ்ட் டு' பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொற்றொடர்தான். 'யூஸ்ட் டு'. நாம் எல்லோரும் தினமும் வாயில் போட்டுப் புழங்குவதுதான். இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக ஒருவரோடு அடிக்கடி எழுதிப் பேசிக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. ஒரு நாள் பேச்சு புத்தகங்கள் பக்கம் போனது. 'மை ஃபாதர் யூஸ்ட் டு ரீட் எவ்ரி நைட்' என்று எழுதினேன். அப்பா தினமும் ராத்திரி படிப்பார் என்பதைத்தான் சொல்ல நினைத்தேன். மறுநாள் பதில் வந்தது. முதல் வரியே, 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்.' அதைப் படித்தபோது அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். விளக்கைப் போட்டுக்கொண்டு, மடியில் புத்தகத்தோடு.

நான் எழுதிய வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது சொன்ன சேதி வேறு. அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன், எனக்கு ஏன் அந்தச் சொல் அவ்வளவு இயல்பாக வந்தது என்று.

காரணம் தமிழில்தான் இருக்கிறது. 'படிப்பார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'நாளைக்குப் படிப்பார்' என்றால் இனிமேல் நடக்கப்போவது. 'தினமும் படிப்பார்' என்றால் இப்போதும் உள்ள வழக்கம். 'அந்தக் காலத்தில் விடிய விடியப் படிப்பார்' என்றால் எப்போதோ நின்றுபோன வழக்கம். மூன்றுக்கும் ஒரே வினைதான். பள்ளிக்கூடத்தில் இதற்கு எதிர்காலம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்பதும் அதே வடிவம்தான், அதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? நம் மொழியில் இந்த வடிவம் வழக்கத்தைச் சொல்லிவிடும். எந்தக் காலத்து வழக்கம் என்பதை 'நாளைக்கு', 'தினமும்', 'முன்பெல்லாம்' போன்ற சொற்கள் பார்த்துக்கொள்ளும்.

அதனால் ஆங்கிலம் பேசும்போது மனது 'வழக்கமாக' என்பதற்கு ஒரு சொல்லைத் தேடுகிறது. கையில் அகப்படுவது 'யூஸ்ட் டு'. 'ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்' என்று சொல்லிவிட்டு, இன்று காலையும் ஐந்து மணிக்கு எழுந்தவராகத்தான் இருப்போம். இதை அரைகுறை ஆங்கிலம் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழ் போட்டுத் தந்த தடத்தில் போய்த்தான் இப்படிச் சொல்கிறோம். தடம் எங்கே பிரிகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஆங்கிலத்தில் 'யூஸ்ட் டு' இரண்டு சேதிகளைச் சேர்த்துச் சொல்கிறது. முன்பு இருந்தது என்பது ஒன்று. இப்போது இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவது சேதியை வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், கேட்பவர் தானாகவே எடுத்துக்கொள்வார். ஒருவர் 'ஐ யூஸ்ட் டு ஸ்மோக்' என்றால், 'எப்போது விட்டீர்கள்?' என்றுதான் கேட்பார்கள். 'ஷி யூஸ்ட் டு பி ஷை' என்றால் அந்தப் பெண் இப்போது கூச்சம் இல்லாமல் பேசுகிறாள் என்று அர்த்தம். இப்போதும் தொடர்கிறது என்றால், 'அண்ட் ஐ ஸ்டில் டூ' என்று தனியாக ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் கதவு சாத்தியதாகத்தான் கணக்கு. நான் என் அப்பாவின் மேல் சாத்தியது அந்தக் கதவைத்தான்.

சரி, இப்போதும் உள்ள வழக்கத்தை எப்படிச் சொல்வது? சாதாரண நிகழ்காலமே போதும். 'மை ஃபாதர் ரீட்ஸ் எவ்ரி நைட்.' அவ்வளவுதான். 'வழக்கமாக' என்ற சொல் கட்டாயம் வேண்டும் என்றால் 'யூஷுவலி' இருக்கிறது. 'ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்.'

'யூஷுவலி', 'யூஸ்ட் டு' இரண்டும் ஒரே வேரில் வந்தவை. லத்தீனில் 'ஊசுஸ்' என்று ஒரு சொல். பயன்பாடு, பழக்கம் இரண்டையும் குறிக்கும். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அப்புறம் இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 'யூஸ் டு' ஒரு காலத்தில் நிகழ்காலத்திலும் புழங்கியிருக்கிறது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தை எடுத்து 119-ஆம் சங்கீதத்தின் 132-ஆம் வசனத்தைப் பாருங்கள். 'ஆஸ் தௌ யூசெஸ்ட் டு டூ' என்று இருக்கும். 'நீர் வழக்கமாகச் செய்வதுபோல்' என்று பொருள். பிற்பாடு அந்த நிகழ்கால வடிவம் வழக்கொழிந்து, இறந்தகால வடிவம் மட்டும் தங்கிவிட்டது. நாம் இன்று நிகழ்காலத்துக்கு அதைத் தேடுகிறோம் என்றால், ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இருந்த இடத்தைத்தான் தேடுகிறோம்.

இனி இதைவிடக் குழப்புகிற ஒன்று. இந்த இரண்டையும் கேளுங்கள். 'ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்.' 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்.' முதலாவது, முன்பு ராத்திரியில் வண்டி ஓட்டுவேன், இப்போது ஓட்டுவதில்லை. இரண்டாவது, ராத்திரியில் ஓட்டுவது எனக்குப் பழகிப்போன விஷயம், சிரமம் கிடையாது. நடுவில் ஒரு 'ஆம்' வந்ததும் அர்த்தமே திரும்பிவிட்டது. 'டிரைவ்' என்பதும் 'டிரைவிங்' ஆகிவிட்டது. இரண்டையும் கலந்து 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்' என்று சொல்வதுதான் நான் அடிக்கடி கேட்கிற தவறு.

எதற்கு 'இங்' வரும் என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது இதுதான். வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்ப்பேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு த நாய்ஸ்', அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. வாக்கியம் நிற்கிறது. 'ஐ யூஸ்ட் டு த நாய்ஸ்' நிற்காது, விழுந்துவிடும். பெயர்ச்சொல் உட்காருகிற இடத்தில் வினை வந்தால் அது 'இங்' போட்டுக்கொண்டுதான் வரும். இதன் கூடவே 'கெட் யூஸ்ட் டு' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'யூ வில் கெட் யூஸ்ட் டு இட்.' போகப் போகப் பழகிவிடும். நாம் ஆறுதலாகச் சொல்கிற அதே சொல், அதே தொனி.

இப்போது ஒரு சின்னச் சோதனை. இரண்டு விரலைத் தொண்டையில் வையுங்கள். ஆம், இப்படி. முதலில் பாம்பு சீறுவதுபோல ஓசை எழுப்புங்கள். தொண்டை அதிராது. அடுத்து வண்டு ரீங்கரிப்பதுபோல. அதிர்வது விரலுக்குத் தெரியும். பழக்கத்தைச் சொல்கிற 'யூஸ்ட்' நடுவில் சீறும். 'எ நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் பேப்பர்', அதாவது காகிதம் வெட்டக் கத்தி பயன்படுகிறது என்னும்போது அதே எழுத்துகள் ரீங்கரிக்கும். நம் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் நமக்கு வித்தியாசம் தட்டுப்படுவதில்லை, ஆனால் அவர்கள் காதுக்கு அவை வேறு வேறு சொற்கள். நாலைந்து தடவை விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

'வுட்' என்று ஒன்று இருக்கிறதே, அதையும் தொட்டுவிட்டுப் போகிறேன். 'மை கிராண்ட்மதர் வுட் டெல் அஸ் ஸ்டோரிஸ்.' பாட்டி எங்களுக்குக் கதை சொல்வார். இந்த 'வுட்', 'வில்' என்பதன் இறந்தகால வடிவம். 'வில்' எதிர்காலத்துக்கான சொல். அதாவது பழைய வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலமும் எதிர்காலச் சொல்லிடம்தான் போகிறது, நம் 'சொல்வார்' போலவே. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் 'வுட்' திரும்பத் திரும்பச் செய்யும் செயலுக்குத்தான் வரும். ஒரு வீட்டில் குடியிருந்தது, ஒன்று பிடித்திருந்தது போன்ற நிலைகளுக்கு வராது. அங்கே 'வி யூஸ்ட் டு லிவ் இன் எ ஸ்மால் ஹவுஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். தமிழிலும் பாருங்கள், 'அப்போது சின்ன வீட்டில் இருந்தோம்' என்போம், 'இருப்போம்' என்று சொல்ல மாட்டோம்.

எத்தனை வருடம் என்று கணக்குச் சொன்னால் 'யூஸ்ட் டு' வேண்டாம். 'ஐ லிவ்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இல்லை என்று சொல்லும்போது 'ஐ டிடின்ட் யூஸ் டு லைக் இட்'. இறந்தகாலத்தை 'டிட்' எடுத்துக்கொண்டதால் எழுதும்போது கடைசி 'டி' எழுத்தை விட்டுவிட வேண்டும். பேச்சில் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, அதனால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

அந்த மின்னஞ்சலுக்கு அன்றைக்கே பதில் எழுதினேன். 'மை ஃபாதர் இஸ் வெல். ஹி ரீட்ஸ் எவ்ரி நைட்.' அவர் நிம்மதியாக இருந்தது என்று எழுதினார், அப்பா என்ன படிக்கிறார் என்றும் விசாரித்தார்.

இப்போது அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன என்கிறார். ராத்திரி சாப்பிட்டதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். முதல் சில நாள் அவருக்குப் பொறுமை இல்லை, இப்போது நான் நிறுத்தினால் 'ம், மேலே படி' என்கிறார். போன வாரம் அந்த நண்பர் மறுபடி அப்பாவைப் பற்றி விசாரித்திருந்தார். 'ஹி யூஸ்ட் டு ரீட் எவ்ரி நைட். நௌ ஐ ரீட் டு ஹிம், அண்ட் ஹி இஸ் கெட்டிங் யூஸ்ட் டு இட்' என்று எழுதி அனுப்பினேன்.